பட்டியலைக் கேட்போம்! கணக்கைப் பார்ப்போம்!



உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? 'இருக்கும்' என்று சொல்லாதீர்கள். பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. உங்கள் மனைவியின் பெயர்? பதினெட்டு வயது நிறைந்த மகளின் பெயர்? வளைகுடாவில் உழைக்கும் தம்பியின் பெயர்? அடுத்த தெருவில் வாடகை வீடு மாறிப் போன அந்த ஏழைக் குடும்பத்தின் பெயர்?

பெயர் இல்லை என்பதை வாக்குச்சாவடி வாசலில் தெரிந்துகொண்டு, அதிகாரியைத் திட்டிவிட்டு வீடு திரும்புவது நமக்குப் பழகிப்போன ஒன்று. அன்று திட்டுவதால் பயனில்லை. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பட்டியல் வெளியாகி இருக்கும். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாளும் முடிந்திருக்கும்.

பீகாரில் என்ன நடந்தது?

2025 ஜூன் 24 அன்று பீகாரில் வாக்காளர் பட்டியலைச் சிறப்பு தீவிர திருத்தம் செய்யத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அப்போது பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 7 கோடியே 89 லட்சம் பேர். ஆகஸ்ட் 1 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது 7 கோடியே 24 லட்சம் பேர்தான் இருந்தார்கள். ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் காணாமல் போயிருந்தன!

இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று ஆணையம் மொத்த எண்ணிக்கையைச் சொன்னது. ஆனால் அந்த 65 லட்சம் பேர் யார், யார்? எந்த ஊர்? எந்தக் காரணத்துக்காக யார் நீக்கப்பட்டார்? அந்தத் தனிப் பட்டியலை வெளியிடும்படி சட்டவிதி எதுவும் கட்டாயப்படுத்தவில்லை என்று ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 'இறந்தவர்' என்று எழுதப்பட்டிருந்த இருவர் நீதிபதிகளின் முன்னால் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீக்கப்பட்டவர்களின் பெயர்களை மாவட்டவாரியாக இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஒவ்வொருவரும் ஏன் நீக்கப்பட்டார் என்ற காரணத்தையும் சொல்ல வேண்டும். வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடிப் பார்க்கும் வசதி வேண்டும். பஞ்சாயத்து அலுவலகங்களிலும் பட்டியலை ஒட்ட வேண்டும். சட்டவிதியில் இல்லை என்று சொல்லப்பட்ட அந்தப் பட்டியல் சில நாட்களிலேயே வெளியே வந்துவிட்டது.

சிந்தித்துப் பாருங்கள். ஆணையத்தின் கம்ப்யூட்டரில் அந்தத் தகவல் முதல் நாளிலிருந்தே இருந்தது. புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. பூட்டி வைத்திருந்ததைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்! பூட்டியிருந்தவரை அது அதிகாரியின் கையில் இருந்த ஆயுதம். திறந்தபிறகு அது குடிமகனின் கையில் இருக்கும் ஆதாரம்.

இப்படி எல்லோரும் எடுத்துப் பார்க்கவும், ஒப்பிடவும், பயன்படுத்தவும் தக்க வடிவில் திறந்து வைக்கப்படும் அரசுத் தகவலைத்தான் இன்று 'திறந்த தரவு' என்கிறார்கள். மத்திய அரசு 2012-இல் இதற்கென்று ஒரு கொள்கையையே அறிவித்து, தனி இணையதளமும் தொடங்கியது. பெயர் புதிது. கோரிக்கை பழையது.

கூலிக்காரர்கள் தொடங்கிய போராட்டம்

இதைப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்த நாட்டில் தகவல் உரிமைக்கான போராட்டத்தை வளர்த்தெடுத்தவர்கள் ராஜஸ்தானின் ஏழைக் கூலித் தொழிலாளர்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1990-இல் அங்கு உருவானது. வறட்சி நிவாரண வேலை செய்தவர்களுக்கு முழுக் கூலி கிடைக்கவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் முழுக் கூலி கொடுத்ததாக எழுதப்பட்டிருந்தது. வேலைக்கே வராதவர்கள் பெயரிலும், செத்துப் போனவர்கள் பெயரிலும் பணம் எடுக்கப்பட்டிருந்தது.

1994 முதல் அந்த அமைப்பினர் ஒரு காரியம் செய்தார்கள். பதிவேட்டை ஊர்ப் பொதுக்கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள். ஒவ்வொரு பெயரையும் வாசிக்கும்போது, 'நான் வாங்கவில்லை', 'அவர் இறந்து பல வருடமாகிறது' என்று மக்கள் எழுந்து நின்று சொன்னார்கள். 1996-இல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா இருந்தார்கள். அந்த நெருப்பிலிருந்துதான் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. நம் தமிழகத்தில் 1997-லேயே ஒரு சட்டம் வந்தது. ஆனால் விதிவிலக்குகளே அதில் அதிகம். அதனால் பெரும் பலன் இல்லை.

ராஜஸ்தானில் அவர்களின் விடாமுயற்சியால் 2019-இல் அரசே 'ஜன் சூசனா' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. எந்த ரேஷன் கடையில் யார் எவ்வளவு வாங்கினார், யாருக்கு ஓய்வூதியம் வருகிறது என்பதை விண்ணப்பம் போடாமலேயே பார்க்கலாம். பதிவேட்டை உரக்க வாசித்த அதே வேலையைத்தான் இன்று கம்ப்யூட்டர் செய்கிறது.

இன்னொரு சம்பவமும் நினைவிருக்கட்டும். தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் வாங்கினார், எந்தக் கட்சி பணமாக்கியது என்ற விவரங்களைக் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதாவது நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த பிறகு! நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 21 அன்று பத்திர எண்களோடு முழு விவரமும் வெளியானது. வாங்கியவர் பட்டியலையும் கட்சிகளின் பட்டியலையும் பத்திரிகையாளர்களும் தன்னார்வலர்களும் சில மணி நேரங்களில் ஒப்பிட்டு முடித்துவிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய வங்கி மூன்று மாதத்துக்கு மேல் கேட்ட வேலை அது!

கொரோனா காலத்திலும் இதைக் கண்டோம். மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு வடிவில் வந்த அரசு அறிக்கைகளை 2020 மார்ச்சிலிருந்து 2021 அக்டோபர் வரை அன்றாடம் திரட்டி, ஒரே இடத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வ இளைஞர்கள்தான்.

கர்நாடகம் காட்டிய வழி

இனி நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் செய்திக்கு வருவோம்.

சச்சார் குழுவின் உறுப்பினர் செயலராக இருந்தவர் பொருளாதார அறிஞர் அபூசாலிஹ் ஷரீப். 2018-இல் கர்நாடக சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு அவரும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் வாக்காளர் பட்டியலை எடுத்து ஆராய்ந்தார்கள். பட்டியலில் வீட்டு எண் இருக்கிறது. ஒரு வீட்டில் எத்தனை வாக்காளர்கள் என்று எண்ணினார்கள். ஒரே ஒரு வாக்காளர் மட்டும் இருப்பதாகக் காட்டப்பட்ட வீடுகளைத் தனியே பிரித்தார்கள். நம் நாட்டில் தனி ஆளாக வாழும் பெரியவர்கள் எத்தனை பேர்? அப்படியிருக்க, முஸ்லிம் வீடுகளில் 'ஒற்றை வாக்காளர்' வீடுகள் இவ்வளவு அதிகமாக இருப்பது எப்படி? மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிட்டபோது லட்சக்கணக்கான முஸ்லிம்கள் பட்டியலுக்கு வெளியே இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள்.

அறிக்கை எழுதியதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே முக்கியம். ஹைதராபாத்தைச் சேர்ந்த கம்ப்யூட்டர் பொறியாளர் காலித் சைஃபுல்லாஹ் இதற்காகவே 'மிஸ்ஸிங் வோட்டர்ஸ்' என்ற செல்போன் செயலியை உருவாக்கினார். தெருவைத் தேர்ந்தெடுத்தால், எந்தெந்த வீட்டில் சந்தேகம் இருக்கிறது என்று அது காட்டும். தொண்டர் அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பார். பெயர் இல்லாதவர்களுக்கு அங்கேயே விண்ணப்பம் தயாராகும்.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். செயலி யாருக்கும் வாக்குரிமை வாங்கித் தந்துவிடாது. ஆயிரம் வீடுகள் உள்ள ஊரில் எந்த நூறு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லும். போக வேண்டியவர் மனிதர்தான். களப்பணி இல்லாத கம்ப்யூட்டர் வெறும் காட்சிப் பொருள். கணக்கு இல்லாத களப்பணியோ வீண் அலைச்சல்.

படமாக மாறிய பட்டியல்

இவ்வளவு பயன் இருப்பதால்தானோ என்னவோ, பட்டியல் எளிதில் கிடைப்பதில்லை! கம்ப்யூட்டரில் தேடவும் ஒப்பிடவும் இயலாதபடி, காகிதத்தைப் படம் பிடித்தது போன்ற வடிவில்தான் வாக்காளர் பட்டியலைத் தரவேண்டும் என்று 2018 தொடக்கத்தில் தேர்தல் ஆணையம் அறிவுறுத்தியது. தேடக்கூடிய எழுத்து வடிவில் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேண்டுமானால் மனுதாரர் தாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

அரசியல் கட்சிகளிடம் ஆட்களும் பணமும் இருக்கிறது. மாற்றிக்கொள்வார்கள். மஹல்லாவில் உள்ள ஐந்து இளைஞர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் பட்டியல் ஆணையத்தின் கம்ப்யூட்டரில் எழுத்தாகத்தான் இருக்கிறது. அதைப் படமாக்கித் தந்து, மறுபடியும் எழுத்தாக்கிக்கொள் என்று குடிமகனிடம் சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு பக்கம், அதே கம்ப்யூட்டரைக் கொண்டு பெயர்களை நீக்குவதற்கு மட்டும் தடையே இல்லை. 2015-இல் ஆதாரோடு ஒப்பிட்டுப் பட்டியலைச் 'சுத்தம்' செய்யும் பணி நடந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவால் அது பாதியில் நின்றது. ஆனால் 2018 டிசம்பரில் தெலங்கானா தேர்தல் நாளில் ஏராளமானோர் தங்கள் பெயரைக் காணாமல் திகைத்தார்கள். மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரியே மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கிடைத்தது, வாக்கு கிடைக்கவில்லை.

நம் பெயர்களில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. ஒரே பெயரை முஹம்மது என்றும், முகமது என்றும், முகம்மது என்றும் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு இன்னும் பல எழுத்து முறைகள். பீவி ஓரிடத்தில் பீபி ஆகிறது. தகப்பனார் பெயர் ஒரு ஆவணத்தில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுப் பெயராகவும் வருகிறது. மனிதர் பார்த்தால் ஒருவர்தான் என்று தெரியும். கம்ப்யூட்டர் இருவர் என்று சொல்லும். மேற்கு வங்காளத்தில் இப்படிப்பட்ட 'முரண்பாடுகள்' என்ற பெயரில் ஏராளமானோருக்கு நோட்டீஸ் போனது. யார் யாருக்கு என்ற பட்டியலைப் பஞ்சாயத்து, வட்டார அலுவலகங்களில் ஒட்டும்படி 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது.

தமிழகத்தில் 2025 டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானபோது 6 கோடியே 41 லட்சம் பேரில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவர்களில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றும், 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது காணப்படாதவர்கள் என்றும் சொல்லப்பட்டது. இத்தனை பேரும் வேண்டுமென்றே நீக்கப்பட்டார்கள் என்று கூச்சலிடுவது எளிது. இறந்தவரின் பெயரை எடுப்பது ஆணையத்தின் கடமைதான். ஆனால் 'காணப்படாதவர்' என்று எழுதப்பட்டவர் உண்மையில் வளைகுடாவில் உழைப்பவரா? திருமணமாகி வேறு தெருவுக்குப் போன பெண்ணா? அலுவலர் வந்த நேரத்தில் வேலைக்குப் போயிருந்த கூலித் தொழிலாளியா? இதை மேடைப் பேச்சால் நிரூபிக்க முடியாது. வீட்டு எண்ணோடும் பெயரோடும் நிரூபிக்க வேண்டும்.

கத்திக்கு இரு பக்கமும் கூர்

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். எழத்தான் வேண்டும். எல்லாத் தகவலையும் திறந்துவிட்டால் அது நமக்கு எதிராகவே பயன்படாதா?

பயன்பட்டிருக்கிறது! 1984-இல் டெல்லியில் சீக்கியர்களின் வீடுகளை அடையாளம் காண வாக்காளர் பட்டியலும் ரேஷன் பட்டியலும் கும்பல்களின் கையில் இருந்தன. 2002-இல் குஜராத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் அச்சிட்ட பட்டியல்களை வைத்துக்கொண்டு தேடித் தேடித் தாக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. இதை மறந்துவிட்டு 'எல்லாம் திறக்கட்டும்' என்று நாம் பேச முடியாது.

எனவே கோடு எங்கே போடுவது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர் செய்த செயல் திறந்திருக்க வேண்டும். எளியவரின் அந்தரங்கம் மூடியிருக்க வேண்டும். ஒருவரை ஏன் நீக்கினாய் என்பது அரசின் செயல். அதை அவரும் அவர் தெருவாரும் அறிய உரிமை உண்டு. அவருடைய செல்போன் எண், ஆதார் எண், நோய், வங்கிக் கணக்கு இவை அவருடைய சொத்து. எந்த அமைப்பும், நம் அமைப்புகள் உட்பட, அவற்றைக் குவித்து வைக்கக் கூடாது.

வேதனை என்னவென்றால் நாட்டில் தலைகீழாக நடக்கிறது. குடிமகனைப் பற்றிய விவரங்கள் அரசின் கையில் நாளுக்கு நாள் பெருகுகின்றன. ஆனால் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தினார்கள். 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது அதிகாரிக்கு முன்னைவிட எளிதாகிவிட்டது. கூலி வாங்கியதாக எழுதப்பட்டவரின் பெயரே தெரியாவிட்டால், செத்தவர் பெயரில் பணம் எடுத்தவனை எப்படிப் பிடிப்பது? அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லும் சட்டம் ஊழலுக்குத் திரையாகிவிடலாமா?

எண்ணிக்கை இல்லாவிட்டால் உரிமை இல்லை

2006-இல் சச்சார் அறிக்கை வந்தபோது நாடே அதிர்ந்தது. 2001 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 13.4 சதவீதம் இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம், ஐ.எஃப்.எஸ். பணியில் 1.8 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம் என்று அது எடுத்துக் காட்டியது. அதற்கு முன் நாம் எத்தனை மாநாடுகளில் முழங்கியிருப்போம்! முழக்கத்தால் வாயடைக்காதவர்களை எண்கள் வாயடைத்தன. 'சலுகை பெறும் சமுதாயம்' என்ற பொய்யை அரசின் கணக்கே உடைத்தது.

அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் நாம் அதிகம் பேசாத ஒன்று உண்டு. எல்லாச் சமூகப் பிரிவினரின் கல்வி, வேலை, கடன் விவரங்களையும் திரட்டி வைக்கும் தேசியத் தகவல் வங்கி வேண்டும் என்பதுதான் அது. ஒரு முறை அறிக்கை எழுதுவதால் நோய் தீராது. ஆண்டுதோறும் நாடி பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். இதற்கிடையில் 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு எடுக்கப்படும் என்று 2025 ஜூனில்தான் அறிவிப்பு வந்தது. 2011-இன் கணக்கை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளாக ரேஷனும் நிதியும் பங்கிடப்பட்டால், இடையில் பிறந்தவர்களும் பெருகியவர்களும் எந்தக் கணக்கில் சேர்வார்கள்?

நாம் செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்பது ஒரு பாதி. நாமே செய்வது மறு பாதி.

முதலாவதாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் மூவர், தெருக்களை அறிந்த பெரியவர்கள் மூவர், வீட்டுக்குள் சென்று பேசக்கூடிய சகோதரிகள் மூவர் கொண்ட குழு அமையட்டும். பெண்களின் பெயர்தான் அதிகம் விடுபடுகிறது என்று நாம் கருதினால், பெண்கள் இல்லாத குழுவால் அதைச் சரி செய்ய முடியாது.

இரண்டாவதாக, வாக்குச்சாவடிவாரியாகப் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடுங்கள். விடுபட்ட பெயர்கள், ஒற்றை வாக்காளர் வீடுகள், எழுத்து மாறிய பெயர்கள் என மூன்றாகப் பிரியுங்கள். ஜமாஅத்தின் குடும்பப் பதிவேடு இருக்கும் ஊர்களில் அதனோடு ஒப்பிடுவது இன்னும் எளிது. ஆனால் அந்தப் பதிவேடு ஜமாஅத் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இணையதளத்தில் ஏற்றுவதோ, வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ கூடவே கூடாது. 2002-ஐ மறக்காதீர்கள்.

மூன்றாவதாக, கண்டுபிடித்ததைப் படிவமாக்குங்கள். பெயர் சேர்க்க 6, திருத்தவும் இடம் மாற்றவும் 8, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு 6ஏ. யாராவது படிவம் 7 கொடுத்து உங்கள் பெயரை நீக்கக் கோரியிருந்தால் விசாரணைக்கு நேரில் போய் நில்லுங்கள். வாக்காளர் பதிவு அலுவலர் மறுத்தால் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடமும், பின்னர் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்குங்கள்.

நான்காவதாக, நம் வீட்டுக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதே வாக்குச்சாவடியில் இருக்கும் தலித் குடியிருப்பு, மீனவர் தெரு, வாடகைக்குக் குடியிருக்கும் கட்டடத் தொழிலாளர்கள் ஆகியோரின் பெயரும் விடுபட்டிருக்கும். கம்ப்யூட்டர் சாதி, மதம் பார்த்துத் தவறுவதில்லை. கேட்க ஆளில்லாதவர்களிடம்தான் தவறு தங்கிவிடுகிறது. அவர்களுக்காகவும் நாம் படிவம் எழுதினால், நாளை நமக்காகக் கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

இதே குழு பின்னர் ரேஷன் கடைக்கும், கல்வி உதவித்தொகைக்கும், முதியோர் ஓய்வூதியத்துக்கும் இதே முறையைக் கையாளலாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு. முப்பது நாளில் பதில் தரவேண்டும். பதிலை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடாமல் ஊர்க் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள்.

ஆட்சியாளர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கையும் இதுவே. வாக்காளர் பட்டியலைத் தேடக்கூடிய வடிவில் தாருங்கள். நீக்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் காரணத்தைக் கேட்காமலேயே வெளியிடுங்கள். சச்சார் சொன்ன தகவல் வங்கியை அமையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியதைத் திரும்பப் பெறுங்கள்.

வாசகர்களே! இந்த இதழை மூடி வைத்தவுடன் முதல் வேலையாக உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் பட்டியலில் தேடிப் பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால், அறிவிப்பு வரும். நம் பெயர் வராது.